திவான் போனார், துப்பாக்கி போகவில்லை

மகுடமோ மன்னர் தலையில், ஆட்சியோ திவான் கையில்! 1936 முதல் திருவிதாங்கூரை ஆட்டிப்படைத்த சர் சி. பி. இராமசாமி ஐயர், 1946-இல் புன்னப்பிரா, வயலாரிலே தொழிலாளர்மீது படையை ஏவினார். 1947-இல் தனிநாடு என முழங்கினார். சூலை 25-இல் வெட்டுப்பட்டார். அடுத்த திங்களே பதவி துறந்தார். (ஆலயக் கதவு திறந்ததும் அவர் காலத்தில்தான், மறைப்பானேன்?)

கொடுங்கோல் ஒழிந்ததா? 1954 ஆகஸ்டு 11. தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்டோர்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டு பாய்ந்தது; உயிர்கள் மாய்ந்தன. அன்று ஆண்டவர் திவானல்லர். சட்டசபை வழி வந்த பட்டம் தாணுப்பிள்ளை! ஆள் மாறினார், அடக்குமுறையின் பழக்கம் மாறவில்லை. சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவே பதவி விலகச் சொன்னார், பட்டம் இணங்கவில்லை.

நேசமணியும் தோழர்களும் ஓயவில்லை. 1956 நவம்பர் 1-இல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன.