பழுப்பு நாயும் பாட்டாளி மக்களும்

விலங்குகளுக்கு இரங்குதல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் முற்போக்காளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையிலே முதலாளித்துவ சோஷலிசத்தை ஆராயப் புகுந்த மார்க்சும் ஏங்கெல்சும், தருமசீலர், மதுவிலக்குப் பிரசாரகர் முதலியோரோடு மிருகவதைத் தடுப்புச் சங்கத்தாரையும் ஒரே வரிசையில் நிறுத்தினர். சமுதாயத்தின் அடித்தளத்தைத் தொடாமல் அதன் புண்களுக்கு மட்டும் மருந்திட முனைவோர் என்பது இவர்கள்மீது அவர்கள் சாட்டிய குற்றம். இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும், எந்த இடத்தில் அது பொருந்தாமற் போகின்றது என்பதையும் இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எருதைக் கட்டிவைத்து அதன்மீது நாய்களை ஏவிவிடுதல் ஆங்கில நாட்டுப் பாமர மக்களின் பழைய விளையாட்டு. அதனைத் தடைசெய்வதற்கு 1800ஆம் ஆண்டு பாராளுமன்றத்திற் கொண்டுவரப்பட்ட மசோதா இரண்டே வாக்குகளால் தோற்றது. அதனை எதிர்த்துப் பேசியவருள் முதன்மையானவர் வில்லியம் விண்டம். செல்வர்கள் தம் வேட்டையை வைத்துக்கொண்டு ஏழையின் விளையாட்டைமட்டும் பறிப்பது முறையோ என்று அவர் வாதித்தார். அவர் ஏழைகளின் நண்பரல்லர். பழைமையைக் காக்கவே அவ்வாறு பேசினார். எனினும் பின்னர் நடந்தவை அவருடைய வாதத்துக்கே சான்றாயின. 1822இல் ரிச்சர்ட் மாட்டின் என்பவரின் முயற்சியால் மாடு, குதிரை, ஆடு ஆகியவற்றை வதைப்போரைத் தண்டிக்கும் முதற் சட்டம் நிறைவேறியது. 1824இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. 1835இல் எருதுப் போரும் சேவற் போரும் தடைசெய்யப்பட்டன. ஆனால் பிரபுக்கள் நாய்களை ஏவி நரியை வேட்டையாடும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் 2004ஆம் ஆண்டுவரை பிறக்கவில்லை. ஏழையின் கொடுமைக்கும் செல்வனின் கொடுமைக்கும் இடையே சட்டம் வகுத்த தூரம் 169 ஆண்டுகள்! மார்க்சின் ஏளனத்திற் பொருளுண்டு என்பதை இவ்வொரு கணக்கே காட்டிவிடும்.

எனினும் வரலாறு இத்துடன் முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் மாநகரிலே ஒரு நாயின் பொருட்டுத் தொழிலாளரும் பெண்களும் ஒரு புறமாகவும், மருத்துவ மாணவர் மறுபுறமாகவும் நின்று மோதிக்கொண்ட நிகழ்ச்சியொன்று உண்டு. முற்போக்காளர் ஊன்றி நோக்க வேண்டிய நிகழ்ச்சி அது.

உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆராய்ச்சி செய்வதை ஒழுங்குபடுத்த 1876இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆராய்ச்சியாளர் அரசாங்க அனுமதி பெறவேண்டும். விலங்குக்குப் பொதுவாக மயக்கமருந்து கொடுத்தல் வேண்டும். ஒருமுறை அறுக்கப்பட்ட விலங்கை மீண்டும் வேறோர் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாகாது என்பன அதன் விதிகள். ஆனால் அனுமதி பெற்ற ஒருவர்மீது வழக்குத் தொடர உள்நாட்டு மந்திரியின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வேலிக்குள்ளே நிகழ்வதை வேலிக்கு வெளியே நிற்போர் கேட்டுவிடாதபடி சட்டமே காவல் நின்றது எனலாம்.

1903ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலே வில்லியம் பேலிஸ் என்னும் உடற்றொழிலியல் அறிஞர் ஏறத்தாழ அறுபது மாணவர் முன்னிலையில் ஒரு பழுப்பு நிற நாயை அறுத்துப் பாடம் நடத்தினார். அதே நாயைப் பேராசிரியர் ஏர்னஸ்ற் ஸ்டார்லிங் இரு மாதங்களுக்கு முன் ஒருமுறை அறுத்திருந்தார். அன்றும் பேலிசிடம் ஒப்படைக்குமுன் அதன் வயிற்றைத் திறந்து பார்த்திருந்தார். பாடம் முடிந்தபின் நாய் கொல்லப்பட்டது. அன்று அங்கிருந்தோருள் லிசி லிண்ட் அவ் ஹாகெபி, லைசா ஷார்ட்டோ என்னும் சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவரும் இருந்தனர். விலங்காராய்ச்சியின் உண்மை நிலையை உள்ளிருந்தே அறிவதற்காகப் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் மாணவிகளாகச் சேர்ந்தவர்கள் அவர்கள். நாய் துடித்ததென்றும், மயக்கமருந்து கொடுக்கப்பட்டதற்கு அறிகுறி இல்லையென்றும், மாணவர்கள் சிரித்தார்களென்றும் அவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதினர். மயக்கமருந்து முறைப்படி கொடுக்கப்பட்டது என்பது பேலிஸ் தரப்பின் கூற்று.

அக்குறிப்புகளைப் படித்த ஸ்டீவன் கோல்ரிட்ஜ் என்னும் வழக்கறிஞர் பொதுக்கூட்டமொன்றிலே பேலிசைப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். பேலிஸ் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார். 1903 நவம்பரில் நடந்த விசாரணையில், ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியதால் தாம் சட்டத்தை மீறியதை ஸ்டார்லிங் ஒப்புக்கொண்டார். இன்னொரு நாயைக் கொல்லாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணமும் கூறினார். ஆயினும் வழக்கு அதைப் பற்றியதன்று. ஜூரிமார் இருபத்தைந்து நிமிடங்களில் பேலிஸ் பக்கம் தீர்ப்புக் கூறினர். கோல்ரிட்ஜ் 2000 பவுண் நட்ட ஈடும் 3000 பவுண் வழக்குச் செலவும் கொடுக்க நேர்ந்தது.

இத்தீர்ப்பை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நீதிமன்றத்தின் முன்னிலையில் ஊறு பட்டதாகக் கருதப்பட்டது எது? ஓர் அறிஞரின் நற்பெயர். அதற்கு விலை மதிக்கச் சட்டத்தில் அளவுகோல் இருந்தது. இருமுறை அறுபட்ட உயிர் அங்கே வாதியுமன்று, சாட்சியுமன்று; வழக்கில் வந்துபோகும் ஒரு பொருள், அவ்வளவே. பேலிசையோ ஸ்டார்லிங்கையோ கொடியவர் என்று நாம் கூறவரவில்லை. அவ்விருவரும் 1902இல் செக்கிரீற்றினைக் கண்டறிந்து, உடலின் உறுப்புகள் இரத்தத்தின் வழியே ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதை உலகுக்கு உணர்த்தியவர்கள். 'ஹோர்மோன்' என்னும் சொல்லை 1905இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஸ்டார்லிங்கே. தனிமனிதரின் குணத்தில் அன்று, யாருக்கு முறையிட உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று வகுத்துவைத்த அமைப்பிலேயே குறை இருந்தது.

நீதிமன்றத்திலே தோற்ற முறையீடு தெருவுக்கு வந்தது. அந்நாய்க்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப விலங்காராய்ச்சி எதிர்ப்பாளர் பணம் திரட்டினர். அதற்கு இடம் தந்தது தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பற்றர்சீ நகரசபை. பற்றர்சீ அக்காலத்தில் ஆலைத் தொழிலாளரும் புகையிரதத் தொழிலாளரும் நெருங்கி வாழ்ந்த பகுதி. அதன் நகரசபையில் இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். தன் சொந்தத் தொழிலாளரைக் கொண்டே நகரசபை கட்டி 1903இல் திறந்த லாச்மியர் குடியிருப்பின் தெருக்களுக்குச் 'சீர்திருத்தம்', 'சுதந்திரம்' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். அக்குடியிருப்பை அடுத்த விளையாட்டுத் திடலிலே 1906 செப்ரெம்பர் 15ஆம் நாள் சிலை திறந்து வைக்கப்பட்டது. மனிதருக்கும் விலங்குகளுக்கும் தண்ணீர் தரும் கருங்கற் பீடம். அதன்மேல் வெண்கல நாய். பேசியவருள் பெர்னாட் ஷாவும் ஒருவர். அந்நாய் பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே கொல்லப்பட்டதென்றும், 1902இல் அதே இடத்தில் 232 நாய்கள் அறுக்கப்பட்டன என்றும் பீடத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

இவ்வாசகம் மருத்துவ மாணவரைச் சினமூட்டியது. 1907 நவம்பர் 20ஆம் நாள் சிலர் சம்மட்டியும் கடப்பாரையும் ஏந்தி நதியைக் கடந்து சிலையை உடைக்க வந்தனர். பிடிபட்ட பதின்மருக்கு மறுநாள் தலைக்கு 5 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. டிசெம்பர் 10ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் மாணவர் கோலில் நாய்ப் பொம்மைகளைக் குத்தி ஊர்வலமாகச் சென்று திரபால்கர் சதுக்கத்திலே பொலிஸாரோடு மோதினர். பற்றர்சீக்குள் வந்தவர்களை அவ்வூர்த் தொழிலாளரே எதிர்த்து விரட்டினர். வாக்குரிமை கோரிப் பெண்கள் நடத்திய கூட்டங்களிலும் மாணவர் புகுந்து கலகம் விளைத்தனர்; விலங்காராய்ச்சியை எதிர்க்காத பெண்தலைவியர் நடத்திய கூட்டங்களும் தப்பவில்லை. இரவு பகலாகச் சிலைக்குக் காவல் நிற்க ஆண்டுக்கு 700 பவுண் செலவாகிறது என்று பொலிஸார் முறையிட்டனர். அச்செலவை ஏற்கவோ, சிலையின் வாசகத்தை மாற்றவோ நகரசபை இணங்கவில்லை.

தொழிலாளர் ஏன் ஒரு நாயின் பக்கம் நின்றார்கள்? இதுவே நமக்கு முக்கியமான வினா. நாய்மீது கொண்ட அன்பு என்பதோடு விடை முடிந்துவிடாது. 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம், ஏழைகள் விடுதியிலும் வைத்தியசாலையிலும் இறந்து உரிமை கோருவாரற்றுக் கிடந்த உடல்களை மாணவர் அறுத்துப் படிப்பதற்கு வழங்க வழிசெய்திருந்தது. கொலைக்குற்றவாளியின் பிணத்துக்கு முன்னர் விதிக்கப்பட்டிருந்த தண்டனை, வறுமை என்னும் 'குற்றம்' செய்தவனின் பிணத்துக்கு மாற்றப்பட்டது. தரும வைத்தியசாலையின் கட்டிலிற் கிடக்கும் ஏழை தன்னையும் ஓர் ஆராய்ச்சிப் பொருளாகவே மருத்துவர் நோக்குகின்றனர் என அஞ்சினான். ஆகவேதான் விலங்காராய்ச்சியில் ஈடுபடும் மருத்துவரைச் சேர்ப்பதில்லை என்று உறுதிகொண்ட வைத்தியசாலை ஒன்று பற்றர்சீயிலே நிலைபெற்று, 1972இல் மூடப்படும்வரை அவ்வூர் மக்களுக்குப் பணி செய்தது. பெண்களுக்கும் இதில் ஒரு பாடம் இருந்தது. 1909 முதல், சிறையில் உண்ணாவிரதம் இருந்த வாக்குரிமைப் போராளிகளைப் பிடித்து அமுக்கிக் குழாய்வழி வலிந்து உணவூட்டினார்கள். கட்டப்பட்ட உடலும், மேலே குனிந்து நிற்கும் அதிகாரமும் அவர்களுக்குப் புதிய காட்சியாயிருக்க முடியாது. நாயின் நிலையிலே தம் நிலையைக் கண்டனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

1909 நவம்பர்த் தேர்தலில் நகரசபை பழைமைவாதிகளின் கைக்கு மாறியது. சிலையைக் காக்க 20,000 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் பயன்படவில்லை. 1910 மார்ச் 10ஆம் நாள் விடியுமுன், 120 பொலிஸார் காவல் நிற்க, நான்கு தொழிலாளர் சிலையைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர். பின்னர் அது உருக்கப்பட்டது. ஆனால் பற்றர்சீ மாறிவிடவில்லை. 1913இல் கறுப்பினத்தவரான ஜோன் ஆர்ச்சரை நகரபிதாவாகவும், 1922இல் இந்தியக் கம்யூனிஸ்டான சபுர்ஜி சக்லத்வாலாவைப் பாராளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்த ஊர் அது. நாய்க்காக நின்ற மக்கள் மனிதருக்காக நிற்கத் தவறியவர்களல்லர். 1985இல் பற்றர்சீப் பூங்காவிலே புதிய நாய்ச் சிலையொன்று நிறுவப்பட்டது.

விஞ்ஞானத்தை எதிர்ப்பது முற்போக்காகுமோ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1921இல் நாய்களின்மீது நடந்த ஆராய்ச்சியின் பயனாகவே இன்சுலின் கிடைத்தது. எண்ணற்றோர் உயிர் பிழைத்தனர். இதனை மறப்பவன் நேர்மையாளனல்லன். ஆனால் ஆராய்ச்சி வேண்டுமா, வேண்டாமா என்பதோடு விவாதம் முடிந்துவிடாது. துன்பத்தின் கணக்கை யார் எழுதுவது, அதனை யார் சரிபார்ப்பது என்பதே அடிப்படை. 1959இல் ரசல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், விலங்குக்குப் பதிலாக வேறு வழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், வலியைத் தணித்தல் என்னும் மூன்று நெறிகளை வகுத்தனர். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1986இல் புதிய சட்டம் வந்தது. இவை விஞ்ஞானத்தை அழிக்கவில்லை. அதற்குக் கணக்குக் கேட்டன. தெருவில் நின்று முதலிற் கணக்குக் கேட்டவர்களுக்கு இதிற் பங்கில்லையென்று யார் சொல்வார்?

நமது நாட்டுக்கு வருவோம். இலண்டனிற் கலகம் நடந்த அதே 1907ஆம் ஆண்டிலேதான் பிரித்தானிய ஆட்சியாளர் இலங்கையில் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். மாட்டை வதைப்பவனுக்கு நூறு ரூபாவரை தண்டம். அதே வேளையில், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளியைச் சிறையிலடைக்க அதே ஆட்சிக்கு அதிகாரம் இருந்தது. மார்க்ஸ் எள்ளிய இரக்கம் இதுவே: மாட்டுக்குச் சட்டத்தில் ஒரு வரி, மாட்டைப்போல் உழைத்தவனுக்குச் சிறை. இத்தகைய சட்டம், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுவித்த முதலாளியை விட்டுச் சாட்டை பிடித்த கரத்தைக்காரனையே எளிதிற் சென்றடையும். அக்கட்டளைச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் முதன்மை விலங்குச் சட்டமாக நிலவியது. 2006இல் சட்ட ஆணைக்குழு புதிய வரைவொன்றைத் தயாரித்த பின்னரும் ஆண்டுகள் பல கழிந்தன.

இரக்கம் வேறு, நீதி வேறு. இரக்கம் கொடுப்போனின் மனநிலையைப் பொறுத்தது. இன்று பெய்யும், நாளை வற்றும். நீதியோ பெறுவோனின் உரிமை. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னனைப் பற்றி மகாவம்சமும், மனுநீதிச் சோழனைப் பற்றித் தமிழ் இலக்கியமும் கூறும் கதையில், கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது பிச்சை கேட்டன்று, முறை கேட்டே. அது நடந்ததோ இல்லையோ, விலங்குக்கும் மணிக்கயிறு எட்டவேண்டும் என்று நினைத்த ஒரு மக்கள் கூட்டம் இருந்தது என்பது மெய். ஆனால் அக்கயிறு அரசனின் வாயிலில் தொங்கியது. அவன் நல்லவனாயிருக்கும்வரைதான் மணி ஒலிக்கும். பற்றர்சீத் தொழிலாளர் அரசனை நம்பியிருக்கவில்லை. நீதிமன்றத்தில் நாவில்லாத ஓர் உயிருக்காகத் தாமே மணியை அடித்தார்கள். தம் விடுதலையும் பிறவுயிரின் விடுதலையும் ஒரே கையாற் பறிக்கப்படுகின்றன என்று கண்டவர்களின் செயல் அது.

ஆகவே, மனிதனுக்கு முதலில், மாட்டுக்குப் பின்னர் என்று நீதியை வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை. நாவில்லாத உயிரை வெறும் பொருளாக நோக்கப் பழகிய கண், நாவிருந்தும் குரலற்ற மனிதனையும் அவ்வாறே நோக்கும். அந்நோக்கு எங்கே தோன்றினும் எதிர்ப்பது நமது கடமை.