கறுப்பின அமெரிக்கரின் வாசிப்புச் சங்கங்களும் திருச்சபையும்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் மாமன்றங்கள், விசுவாசப் பிரமாணங்கள், அருட்பணி இயக்கங்கள் ஆகியவற்றை விரிவாக ஆராய்வது வழக்கம். ஆலயத்தை அடுத்த ஓர் அறையில் சிலர் கூடி அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு, பின்னர் கருத்துப் பரிமாறிக்கொண்ட மாலைப் பொழுதுகள் அவ்வேடுகளில் அரிதாகவே இடம்பெறும். ஆயினும் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய வாசிப்புச் சங்கங்களை ஒதுக்கிவிட்டு அம்மக்களின் விடுதலை வரலாற்றை எழுத இயலாது. அச்சங்கங்கள் திருச்சபையோடு கொண்டிருந்த உறவையும், அவ்வுறவில் எழுந்த இடர்ப்பாட்டையும் இங்கு ஆராய்வோம்.

1. எழுத்துக்கு இடப்பட்ட தடை

தென் கரோலினா மாநிலம் 1740ஆம் ஆண்டிலேயே அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. 1834 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் கடுமையானது. அடிமைக்கு வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. கறுப்பினத்தவர் பள்ளி நடத்துவதும் விலக்கப்பட்டது. இச்சட்டத்தை மீறும் சுதந்தரக் கறுப்பினத்தவருக்கு 50 டாலர் வரை அபராதமும் 50 கசையடி வரை தண்டனையும் விதிக்கலாம்.

இச்சட்டத்தால் பள்ளியை இழந்தவர்களுள் ஒருவர் சார்ல்ஸ்டன் நகரில் 1811இல் பிறந்த தானியேல் பேன். 1829இல் அவர் பள்ளி தொடங்கியபோது பகலில் மூன்று பிள்ளைகள் வந்தனர். இரவில் வயதுவந்த அடிமைகள் மூவர் வந்தனர். ஒவ்வொருவரும் மாதம் 50 சென்ட் கொடுக்க, ஆசிரியரின் மாத வருவாய் 3 டாலர் மட்டுமே. பள்ளி பின்னர் வளர்ந்தது. சட்டமோ அதனை மூடியது. 1835இல் பேன் வடக்கு நோக்கிப் புறப்பட்டுக் கெட்டிஸ்பர்க் லுத்தரன் இறையியல் கல்லூரியில் மாணவரானார். அவரைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

தடை செய்தவர்கள் எழுத்தின் வலிமையை அறிந்தே தடை செய்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. வாசிக்கத் தெரிந்த அடிமை திருமறையைத் தானே வாசிப்பான், செய்தித்தாளையும் வாசிப்பான், வழிச்சீட்டைத் தன் கையாலேயே எழுதிக்கொள்வான். ஆகவே கூடி வாசித்தல் என்பது அங்கு ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருந்ததில்லை.

2. பிலதெல்பியாவின் சங்கங்கள்

வடமாநிலங்களில் சுதந்தரக் கறுப்பினத்தவர் கூடுவதற்கு இத்தகைய தடை இல்லை. எனினும் வெள்ளையரின் நூலகங்களும் சொற்பொழிவு மன்றங்களும் பெரும்பாலும் அவர்களுக்கு மூடியே இருந்தன. ஆதலால் அவர்கள் தமக்கென்று சங்கங்களை அமைத்துக்கொண்டனர். 1828இல் பிலதெல்பியாவில் ஒரு வாசிப்புச் சங்கம் தோன்றியது. அச்சங்கத்தின் முன் வில்லியம் விப்பர் என்பவர் அவ்வாண்டு ஆற்றிய உரை ஓர் ஆலயத்திலேயே நிகழ்ந்தது. 1833இல் அதே நகரில் கறுப்பினத்தவரின் நூலகச் சங்கம் நிறுவப்பட்டது. 1838ஆம் ஆண்டளவில் அதில் ஏறத்தாழ 150 உறுப்பினரும் 600 நூல்களும் இருந்தனர் என்பது சிறிய செய்தியன்று. சந்தாப் பணம் செலுத்தியவர்களுள் பெரும்பாலோர் கைத்தொழிலாலும் சிறு வாணிகத்தாலும் பிழைத்தவர்களே.

பெண்களின் பணி தனியே குறிப்பிடத்தக்கது. 1831இல் பிலதெல்பியாவில் பெண்கள் இலக்கியச் சங்கம் எழுந்தது. ஏறத்தாழ 20 பேர் அதில் சேர்ந்தனர். ஆசிரியையான சாரா மாப்ஸ் டக்ளஸ் அவர்களுள் முதன்மையானவர். உறுப்பினர் எழுதிய கட்டுரைகளையும் கவிதைகளையும் பெயரிடாமல் ஒரு பெட்டியில் இடுவர். பின்னர் அவற்றை எடுத்து வாசித்து, குறைநிறைகளை ஆராய்வர். எழுதியவர் யாரென்று அறியாத நிலையில் முகதாட்சண்யத்துக்கு இடமில்லை. புண்படுத்தும் நோக்கத்துக்கும் இடமில்லை. எழுத்துப் பயிற்சியில் தொடக்க நிலையிலிருந்த பெண் தேர்ந்தவருக்கு இணையாகத் தன் ஆக்கத்தை முன்வைக்க இம்முறை வழிசெய்தது. எளிமையான ஓர் ஏற்பாடே. ஆயினும் அதில் ஆழ்ந்த நீதி அடங்கியிருந்தது.

1832இல் இச்சங்கத்தைக் கண்ட வில்லியம் லாயிட் காரிசன் அவ்வெழுத்துகளுட் சிலவற்றைத் தம் ‘லிபரேட்டர்’ இதழில் வெளியிட்டார். ‘சில்லாள்’ என்னும் திருமறைப் பெயரில் அங்கு எழுதியவர் சாரா டக்ளஸ் என்று ஆய்வாளர் கருதுவர். அதே ஆண்டில் சுதந்தரக் கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் மசோதா பென்சில்வேனியச் சட்டமன்றத்தில் எழுந்தபோது, சாரா டக்ளஸ் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். அடிமைத்தனத்தைத் தொலைவிலுள்ள துன்பமாகவே தாம் எண்ணியிருந்ததாகவும், அது இப்போது தம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டதை உணர்வதாகவும் அவர் கூறினார். சங்கத்தின் வாசிப்பும் உரையாடலும் இனி அடிமைகளின் நிலையைப் பற்றியதாக அமையட்டும் என்று வேண்டினார். 1833 டிசம்பரில் பிலதெல்பியாப் பெண்கள் அடிமை ஒழிப்புச் சங்கம் உருவானபோது டக்ளஸ் குடும்பத்துப் பெண்கள் அதில் பங்குபெற்றனர். வாசிப்பு அறையிலிருந்து பொதுவாழ்வுக்கு அவர்கள் எடுத்துவைத்த அடி இவ்வாறு தெளிவாகத் தெரிகிறது.

3. அடிமையும் விவாத மேடையும்

பால்டிமோர் நகரில் கப்பல் பழுதுபார்க்கும் சுதந்தரக் கறுப்பினத் தொழிலாளர் ஒரு விவாதச் சங்கத்தை நடத்திவந்தனர். சுதந்தரர்க்கென்றே அமைந்த அச்சங்கத்தில் ஓர் அடிமை இளைஞனையும் சேர்த்துக்கொண்டனர். 1838இல் தப்பியோடி விடுதலை பெற்று, பின்னர் உலகப் புகழ் எய்திய பிரெடரிக் டக்ளஸே அவ்விளைஞர். சாரா டக்ளஸுக்கும் இவருக்கும் உறவில்லை. பெயர் ஒற்றுமையே உண்டு. அவருடைய நாவன்மையைப் போற்றுவோர், அதனைப் பயிற்றிய பெயர் தெரியாத் தொழிலாளரையும் நினைவுகூர்தல் வேண்டும்.

4. பேராயர் பேனும் பெத்தேல் இலக்கியச் சங்கமும்

தானியேல் பேன் 1841இல் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சபையில் சேர்ந்தார். போதகர்கள் கல்வி பெறவேண்டும் என்று அவர் 1843இல் எழுதிய மடல்கள் சபைக்குள் பெரும் கொந்தளிப்பை எழுப்பின. அருள் பெற்றவனுக்கு ஏடு எதற்கு என்று எண்ணியோர் பலர். 1844இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய பொதுமாநாடு, போதகர்க்கான பாடத்திட்டத்தை முதலில் தள்ளிவிட்டுப் பின்னர் ஏற்றது. பேன் 1852இல் பேராயரானார். 1863இல் வில்பர்போர்ஸ் கல்லூரியைச் சபைக்காக 10,000 டாலருக்கு வாங்கினார்.

1881இல் வாஷிங்டன் நகரில் அவர் முன்னின்று தொடங்கியதே பெத்தேல் இலக்கிய வரலாற்றுச் சங்கம். யூனியன் பெத்தேல் சபையைச் சார்ந்து எழுந்த இச்சங்கம் வாரந்தோறும் கூடியது. ஒருவர் கட்டுரை வாசிப்பார். அவையோர் வினவுவர், மறுப்பர், விளக்குவர். பிரெடரிக் டக்ளஸ் அம்மேடையில் பேசினார். 1892இல் மேரி சர்ச் டெரல் அதன் முதல் பெண் தலைவரானார். பெண்கள் பிரசங்க பீடம் ஏறுவதைப் பற்றிச் சபைகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. பீடம் தயங்கிய இடத்தில் அருகிலிருந்த கூடம் வழிவிட்டது.

5. ஒரு குறையும் அதன் பாடமும்

புகழுரையோடு நிறுத்திக்கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. கல்வியை நேசித்த பேன், கல்லாத மக்களின் வழிபாட்டை மதிக்கத் தவறினார். அடிமைகளின் துன்பத்தில் பிறந்த பாடல்களையும், வட்டமாய் நின்று கைதட்டி அடிவைத்துப் பாடும் வழக்கத்தையும் அவர் அநாகரிகம் என்று கண்டித்தார், தடுக்கவும் முயன்றார். 1850இல் பால்டிமோரின் எபெனேசர் சபை அவரைப் போதகராக ஏற்க மறுத்தது. தங்கள் ஆவிக்குரிய பாடல்களைப் பாடவிடமாட்டார், வீட்டில் உயர்ந்த கம்பளம் விரித்திருக்கிறார், தங்களோடு தேநீர் அருந்தவும் பெருமை இடங்கொடாது என்பவை அவர்கள் கூறிய காரணங்கள். இதனை அறியாமையின் எதிர்ப்பு என்று மட்டும் தள்ளிவிட இயலாது. அச்சபையார் தங்கள் ஆத்துமாவின் மொழியைக் காத்துக்கொள்ள முயன்றனர். அவர்கள் காத்த பாடல்களை இன்று உலகத் திருச்சபையே பாடுகிறது.

ஆகவே இவ்வரலாறு நமக்கு இரு செய்திகளைக் கூறுகிறது. கூடி வாசிப்பதும் எழுதியதைப் பிறர்முன் வைத்துத் திருத்திக்கொள்வதும், வாய் அடைக்கப்பட்ட மக்களைப் பேசவைக்கும் ஆற்றலுடையவை, இது முதற்செய்தி. அதே சங்கம், கற்றவரின் சுவையையே அளவுகோலாகக் கொள்ளுமாயின், வேறு சிலரின் வாயை அடைத்துவிடும், இது இரண்டாவது. பேனின் ஊக்கமும் எபெனேசர் சபையாரின் பிடிவாதமும் ஒன்றையொன்று தேடி நின்றன. அன்று அவை சந்திக்கவில்லை.

சபைகளில் வாசகர் வட்டம் அமைக்க விழையும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் பிலதெல்பியாப் பெண்களின் பெட்டியை எண்ணிப் பார்த்தல் நலம். அங்கு ஆயரின் கட்டுரையும் வயல்வேலை செய்பவரின் பாடலும் பெயரின்றி ஒரே பெட்டிக்குள் விழலாம். கையெழுத்து வராதவருக்காக அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதலாம். ஆயர் அன்று தலைமை நாற்காலியை விட்டு, கேட்போர் வரிசையில் அமரலாம். கூடத்தின் சாவியைத் தருவது எளிது. அங்கு எழும் குரலைக் கேட்கும் பொறுமையே கடினமானது. அப்பொறுமையைக் கற்பதும் திருப்பணிக்கான ஆயத்தத்தில் ஒரு பகுதியே ஆகும்.