சுதந்திராக் கட்சியும் வரம்புக்குட்பட்ட அரசு என்னும் கொள்கையும்

சுதந்திராக் கட்சி 1959ஆம் ஆண்டில் சி. ராஜகோபாலாச்சாரியார் (ராஜாஜி) முன்னின்று தொடங்கிய அனைத்திந்தியக் கட்சியாகும். உழவரின் நிலத்திலும் வணிகரின் தொழிலிலும் குடும்பத்தின் வழக்கங்களிலும் அரசு தேவையின்றித் தலையிடக் கூடாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இத்தகைய கருத்துகளை அமெரிக்காவில் பழமைவாதம் (வலதுசாரிக் கொள்கை என்றும் சொல்வதுண்டு) என்ற பெயரால் அறிவர். இந்தியாவில் அக்கொள்கைக்கு மிக நெருங்கி வந்த கட்சி இதுவே.

அமெரிக்கப் பின்னணி

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, அதிகாரம் ஒரே கையில் குவிந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது. சட்டமன்றம், நிர்வாகம், நீதி என மூன்றாகப் பிரித்தது. மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் தந்தது. 1930களில் ரூசவெல்ட் ஆட்சி அரசின் பணிகளை விரிவாக்கியபோது, அதற்கு எதிர்ப்பாக இன்றைய அமெரிக்கப் பழமைவாதம் உருப்பெற்றது. ரசல் கிர்க் 1953இல் எழுதிய நூல் மரபின் பக்கம் நின்றது. 1964இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்ற பாரி கோல்ட்வாட்டர் அரசின் அளவைக் குறைப்பதையே முதன்மையாகப் பேசினார். சந்தையும் மரபும் என்ற இந்த இரண்டு இழைகளும் ராஜாஜியிடமும் உண்டு. ஆனால் அவர் அவற்றை அமெரிக்காவிலிருந்து பெறவில்லை. செல்வர் தம் செல்வத்துக்குத் தருமகர்த்தாக்களே என்ற காந்தியின் கருத்தும், தர்மம் மனிதனை உள்ளிருந்து கட்டுப்படுத்தும் என்ற நம்பிக்கையுமே அவருக்கு அடிப்படை.

கட்சியின் தோற்றம்

1959 சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாடு, கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. தம் நிலம் பறிபோகும் என்று உழவர்கள் அஞ்சினர். அதே ஆண்டு சூன் மாதம் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது வயது 80. ஆந்திர உழவர் தலைவர் என். ஜி. ரங்கா தலைவராகவும், பம்பாயின் மினு மசானி பொதுச் செயலாளராகவும் ஆயினர். கட்சி 21 கொள்கைகளை வெளியிட்டது. அவற்றில் அடங்காத எந்தப் பொருளிலும் உறுப்பினர் விரும்பியபடி கருத்துக் கொள்ளலாம் என்பது கடைசிக் கொள்கை. கட்டுப்பாட்டையே பெருமையாகக் கருதும் நம் கட்சிகளிடையே இது அரிய பண்பு.

பெர்மிட், லைசென்ஸ், கோட்டா

ராஜாஜியின் புகழ்பெற்ற சொல்லாட்சி 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்பது. அதன் பொருளை இன்றைய மாணவர் எளிதில் உணர முடியாது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி, பட்டியலிலுள்ள தொழில் ஒன்றைத் தொடங்க மட்டுமன்றி, கணிசமாக விரிவாக்கவும் மத்திய அரசின் உரிமம் வேண்டும். அனுமதித்த அளவுக்கு மேல் உற்பத்தி செய்வதும் குற்றமாகலாம். உரிமம் வழங்கும் அலுவலரும் அவரைச் சென்று பார்க்க வசதியுள்ள பெருமுதலாளியும் இதனால் வளர்வர்; சிறிய தொழில்முனைவோர் வெளியே நிற்பர் என்பது ராஜாஜியின் வாதம். அந்த உரிம முறை பெரும்பாலான தொழில்களுக்கு 1991 சூலையில்தான் நீங்கியது. அவர் மறைந்து 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்த வாதத்துக்கு அவரிடம் ஒரு சான்றும் இருந்தது. 1952இல் சென்னை மாநில முதலமைச்சரானதும், பல ஆண்டுகளாக இருந்துவந்த உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். பலர் அஞ்சியதுபோல் பஞ்சம் வரவில்லை. பின்னர் மற்ற மாநிலங்களிலும் கட்டுப்பாடு தளர்ந்தது.

கொள்கையும் ஆட்சியும்

ஆனால் அதே ராஜாஜியின் ஆட்சிகள் அளவான அரசுக்கு எடுத்துக்காட்டுகள் அல்ல. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியை விதித்தார். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தோரைச் சிறையிலிட்டார்.

எல்லாவற்றையும்விட ஆழமான காயம் 1953இன் தொடக்கக் கல்வித் திட்டம். கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் படிக்க வேண்டும். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில் இது சிக்கனமான வழி என்று அவர் கருதியிருக்கலாம். வண்ணாரின் மகன் வண்ணாராகவே இருக்க வேண்டுமா என்பதுதான் மக்கள் கேட்ட கேள்வி. பெரியாரும் தி.மு.க.வும் இதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்துப் போராடினர். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

தமிழ்நாட்டில் சுதந்திராக் கட்சி வேர்விடாததன் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும். நிலமும் கல்வியும் உள்ளவருக்கு அரசு ஒரு தடை. அவை இல்லாதவருக்கோ, அரசுப் பள்ளியும் இட ஒதுக்கீடும் அரசு வேலையுமே மேலே ஏறும் படிகள். "அரசே, விலகி நில்" என்ற குரல் அவர்கள் காதில் "இருக்கும் இடத்திலேயே இரு" என்று ஒலித்தது. அமெரிக்காவிலும் இதே நிகழ்ந்தது. மாநில உரிமையும் தனியார் உரிமையும் பேசிய கோல்ட்வாட்டர் 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். கறுப்பின மக்கள் அவரைப் பெருமளவில் புறக்கணித்தனர்.

தேர்தல் களம்

1962 மக்களவைத் தேர்தலில் கட்சி 18 இடங்களையும் 1967இல் 44 இடங்களையும் வென்றது. ஒரிசா, குசராத்து, இராசத்தான் ஆகியவையே அதன் வலுவான பகுதிகள். முன்னாள் அரச குடும்பங்கள் பலவும் அதில் சேர்ந்திருந்தன. சென்னை மாநிலத்தில் 1967இல் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது அந்தத் தேர்தலில் தி.மு.க.வின் வாக்குறுதி. அரசு விலை வைக்கக் கூடாது என்ற கட்சி, அரசே மலிவு அரிசி தரும் என்ற கட்சிக்குத் துணை நின்றது. காங்கிரசை வீழ்த்துவதே அன்று ராஜாஜிக்கு முதல் நோக்கம்.

1971இல் எட்டு இடங்களே கிடைத்தன. 1972 திசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கலந்தது.

சொத்துரிமை

கட்சி விடாமல் போராடிய பொருள் சொத்துரிமை. 1978இல் 44ஆம் திருத்தம் அதை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிச் சாதாரண சட்ட உரிமையாக்கியது. இது ஏட்டளவிலான விவாதம் அன்று. புதுச்சேரியின் வடமேற்கில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென அரசு நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. திட்டம் எழும்பவில்லை, நிலம் பல ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. ராஜாஜி சொன்ன அச்சத்துக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. அதே சேதராப்பட்டில் அரசு நிறுவனம் அமைத்த தொழிற்பேட்டை பலருக்கு வேலை தந்திருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இன்றைய நிலை

1976இல் 42ஆம் திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் 'சமதர்ம' என்ற சொல்லைச் சேர்த்தது. 1989 முதல் நடைமுறையிலுள்ள மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் எந்தக் கட்சியும் சமதர்மக் கொள்கையில் பற்றுறுதி கொள்வதாகத் தன் அமைப்பு விதிகளில் எழுதியாக வேண்டும். 1959இல் வெளியிட்ட அதே 21 கொள்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு சுதந்திராக் கட்சி இன்று பதிவு பெற முடியாது.