ஜுபார் மலையில் ஒரு திருச்சிக்காரர்

கொட்டாம்பட்டி வழியாகத் திருச்சிக்குப் பஸ்ஸில் போகாத மாணவர் நம் கல்லூரியில் அபூர்வம். அந்தத் திருச்சி கண்டோன்மெண்டில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அது மேஜர் மாரியப்பன் சரவணனுடையது. கார்கில் போரில் உயிர் நீத்து, வீர் சக்ரா விருது பெற்றவர் அவர்.

10-8-1972-ல் பிறந்த சரவணனின் தந்தையும் ராணுவ அதிகாரி. 1995 மார்ச்சில் பீகார் ரெஜிமெண்டின் முதலாவது பட்டாலியனில் அதிகாரியாகச் சேர்ந்தார். அது காலாட்படை. கடைசியில் மலையேறி எதிரியை நேருக்கு நேர் சந்திக்க வேண்டியவர்கள் இவர்கள்தான்.

1999 மே மாதம், பட்டாலிக் பகுதியில் ஜுபார் மலையைப் பிடித்து வைத்திருந்தது எதிரிப் படை. உயரம் சுமார் 14,000 அடி. கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். கருங்காலக்குடிப் பாறைக் குன்றில் ஏறினாலே நமக்கு மூச்சு வாங்கும். இவர்களோ துப்பாக்கி, தோட்டா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருட்டில் ஏறினார்கள். எதிரி மேலே, பங்கருக்குள். மறைய ஒரு மரம்கூடக் கிடையாது.

மே 29 அதிகாலையில் தாக்குதல் தொடங்கியது. சரவணன் ராக்கெட் லாஞ்சரால் ஒரு பங்கரைத் தாக்கி இருவரை வீழ்த்தினார். குண்டுச் சிதறல் பட்டுக் காயமடைந்தும் திரும்பவில்லை. மேலும் இருவரை வீழ்த்திய பிறகே குண்டு பாய்ந்து விழுந்தார். அப்போது அவருக்கு வயது 26. அதே சண்டையில் நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் உயிர் நீத்தார். அவருக்கும் வீர் சக்ரா கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு மலை நம் கைக்கு வரவில்லை. சரவணனின் உடலைக்கூட உடனே கீழே கொண்டுவர முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அது மலையிலேயே கிடந்தது. ஜூலையில் ஜுபார் மீட்கப்பட்ட பிறகுதான் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. அத்தனை நாள் ஒரு குடும்பம் எப்படிக் காத்திருந்திருக்கும்!

பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்தது வீர் சக்ரா. போர்க்கள வீரத்துக்கான மூன்றாவது உயர்ந்த விருது. பாதி கருநீலம், பாதி காவி நிற ரிப்பனில் தொங்கும் வெள்ளிப் பதக்கம். வெற்றி பெற்றால்தான் கிடைக்கும் பரிசல்ல அது. முடியாமல் போன ஒரு தாக்குதலில் கடைசிவரை நின்றதற்காகவும் அது கொடுக்கப்படுகிறது.

முடிவை மட்டும் பார்த்து மார்க் போட்டுப் பழகியவர்கள் நாம். தம்பி, தங்கைகளே! அடுத்த முறை திருச்சிக்குப் போனால் கண்டோன்மெண்ட் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள்.