இரத்தம் திரும்பும்போது ஈரலுக்கு என்ன நடக்கிறது?

பதுளையில் ஆசிரிய மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வருபவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை பற்றிப் பேசிய அன்று ஒரு மாணவி கேட்டார்: "சேர், புதிய ஈரலைப் பொருத்தி இரத்தத்தையும் விட்டுவிட்டால் பிரச்சினை முடிந்ததுதானே?"

இல்லை. ஒரு பெரிய ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது.

கரண்ட் போனால் நாம் பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வைப்போம். கரண்ட் திடீரென்று திரும்பி வரும்போது பிரிட்ஜ் பழுதாகிவிடும் என்ற பயம்தான் காரணம். ஈரல் கலத்திலும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது.

கலத்துக்குச் சக்தி தருபவை இழைமணிகள். அவற்றுக்கு ஒட்சிசன் வேண்டும். இரத்தம் நின்றதும் சக்தி குறைகிறது, சக்சினேற்று என்ற பொருள் தேங்குகிறது, கல்சியம் கூடுகிறது. இரத்தம் திரும்பியதும் தேங்கிய சக்சினேற்று ஒரேயடியாக எரிந்து, கேடு விளைவிக்கும் ஒட்சிசன் மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. 2014இல் எலிகளில் செய்த ஆய்வில் இது தெளிவானது. இழைமணியின் மென்சவ்வில் துளை திறக்கிறது. அது வீங்கிச் செயலிழக்க, கலமும் இறக்கிறது.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. தானமாகப் பெற்ற ஈரலை விசேட திரவத்தில் 4 பாகை செல்சியசளவில் குளிர வைத்தால் கலத்தின் சக்தித் தேவை குறையும். இப்போது சில நாடுகளில், பொருத்துவதற்கு முன்பே ஒட்சிசன் கலந்த குளிர்ந்த திரவத்தை இயந்திரம் மூலம் ஈரலுக்குள் செலுத்துகிறார்கள். இழைமணிகள் மெதுவாக விழித்துக்கொள்கின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வில், பின்னர் பித்தக்குழாய் சுருங்கியோர் 100க்கு 18இலிருந்து 6 ஆகக் குறைந்தனர். கட்டியை அகற்றும்போது ஈரலுக்கான இரத்தத்தை 15 நிமிடம் நிறுத்தி, 5 நிமிடம் திறந்துவிடும் முறையும் உண்டு. இழைமணிக்கென்றே உருவாக்கிய மருந்துகள் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கொழுப்பு படிந்த ஈரல் இந்தத் தாக்கத்தைத் தாங்குவது குறைவு. அதன் இழைமணிகள் முன்பே நலிந்திருக்கும். கொழுப்பு மிகுந்த ஈரல் தானத்துக்குப் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. நம் நாட்டில் ஈரல் மாற்றுச் சிகிச்சை நடைபெறும் ராகமையைச் சூழ்ந்த நகர்ப்புற மக்களிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. உடலுழைப்பு மிகுந்த கிராமியச் சமூகமொன்றில்கூட 100க்கு 18 பேருக்கு இருந்தது. 'மலை ஏறி இறங்குகிறோம், நமக்கு வராது' என்று தோட்டத்தில் சொல்வது சரியல்ல.

பதுளையிலிருந்து ராகமைக்கு 200 கிலோமீற்றருக்கும் மேல். அங்கு போகும் நிலை வராமல் காப்பதே சுலபம். தேநீரில் சீனியைக் குறைப்போம், எடையைக் கவனிப்போம், நீரிழிவைக் கட்டுப்பாட்டில் வைப்போம். ஸ்கேன் அறிக்கையில் 'கொழுப்பு ஈரல்' என்றிருந்தால், வலி இல்லையே என்று அதை மடித்து வைக்காமல் வைத்தியரிடம் காட்டுவோம். ஆரம்பத்தில் கவனித்தால் பலருக்கு அது குறையும், இன்ஷா அல்லாஹ்.