மின்னணுப் பழுதாய்வு

மின்னணுப் பழுதாய்வு என்பது செயலிழந்த சில்லு, மின்தேக்கி, சோல்டர் இணைப்பு, மின்சுற்றுப் பலகை முதலியவற்றைச் சோதித்து, பழுது எந்த இடத்தில், எந்த வழியில், எந்தக் காரணத்தால் நேர்ந்தது என்று கண்டறியும் பொறியியல் துறை. பழுதுபார்ப்பு வேறு, இது வேறு. பழுதுபார்ப்பவருக்குப் பொருள் மறுபடி ஓடினால் போதும். பழுதாய்வாளரோ கையிலிருக்கும் பொருளை வெட்டிச் சிதைக்கவும் தயங்கமாட்டார்; இனி வரப்போகும் லட்சக்கணக்கான பொருள்கள்தாம் அவருடைய கவலை. தொழிற்சாலைகளில் ‘எஃப்.ஏ.’ (ஃபெயிலியர் அனாலிசிஸ்) என்ற சுருக்கமே வழங்குகிறது.

ஆய்வகங்கள் உருவான சூழல்

ஒரு மின்னணுக் கருவியை ஒருவரே முழுமையாகச் செய்வது இன்று அரிது. சில்லைச் செய்பவர் ஒருவர், அதை உறைக்குள் பொதிபவர் இன்னொருவர், வெற்றுப் பலகை செய்பவர் மற்றொருவர். இவற்றையெல்லாம் பொருத்தித் தருவது ஓர் ஒப்பந்த நிறுவனம். தன் பெயரைப் பொறித்து விற்பது வேறொரு நிறுவனம். பழுது வந்தால் சில்லுக்காரர் பலகையைக் கைகாட்டுவார், பலகைக்காரர் சோல்டரைக் கைகாட்டுவார், பொருத்தியவர் வடிவமைப்பே சரியில்லை என்பார். நட்டஈடு யார் தலையில் விழும் என்பதே உண்மையான சண்டை. யார் பக்கமும் சாராத ஆய்வகம் தேவைப்பட்டதற்கு இது பெரிய காரணம்.

இத்தகைய அமைப்புகள் பலவகை. 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய எக்ஸ்போனன்ட், விபத்து, வழக்கு சார்ந்த பழுதாய்வுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய கால்ஸ் மையம், கருவிகளின் நம்பகத்தன்மையை ஆராய்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் வட்டாரத்தைச் சேர்ந்த யுனிவர்சல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், பலகையில் உதிரிகளைப் பொருத்தும் எந்திரங்களைச் செய்வது. அதன் ஆய்வகம் ‘ஏரியா’ என்ற கூட்டமைப்பையும் நடத்திவந்துள்ளது. போட்டி நிறுவனங்களே அதில் உறுப்பினர்களாகப் பணம் போட்டு, எல்லாருக்கும் பொதுவான சோல்டர் ஆராய்ச்சி முடிவுகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

இந்த மூன்றாம் வகைக்கு ஒரு தனிவசதி உண்டு. சோல்டர் பசை அச்சிடும் எந்திரம், உதிரிகளைப் பொருத்தும் எந்திரம், பசையை உருக்கி இணைக்கும் ரிஃப்ளோ அடுப்பு ஆகிய மூன்றும் நுண்ணோக்கிக்கு அடுத்த அறையிலேயே இருக்கும். அடுப்பின் வெப்பம் குறைந்ததால்தான் இணைப்பு சரியாக ஒட்டவில்லை என்று சந்தேகம் எழுந்தால், வேண்டுமென்றே வெப்பத்தைக் குறைத்துச் சில பலகைகளைச் செய்து, அதே பழுது வருகிறதா என்று பார்க்கலாம். பழுதை மறுபடி வரவழைக்காத வரை காரணம் என்பது ஊகமாகவே நிற்கும். அதே வரிசையில் புதிய கருவிகளின் மாதிரிகளையும் சிறு எண்ணிக்கையில் பொருத்தித் தருகிறார்கள்.

சோதனையின் வரிசை

பழுதாய்வின் முதல் விதி, சிதைக்காத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது. வெட்டிய பிறகு திரும்ப வழியில்லை. முதலில் பொருளின் வரலாறு: எந்த வாரம் செய்தது, எங்கே பயன்பட்டது, எத்தனை நாளில் நின்றது. பிறகு கண்ணாலும் ஒளி நுண்ணோக்கியாலும் பார்த்து, மின் அளவீடுகளை எடுக்கிறார்கள். திரும்பி வரும் பொருள்களில் கணிசமானவை மேசையில் வைத்ததும் ஒழுங்காக வேலை செய்து ஆய்வாளரின் பொறுமையைச் சோதிப்பதும் உண்டு. விரிசல் விட்ட இணைப்பு குளிரில் ஒட்டிக்கொண்டு சூட்டில் பிரியலாம், அல்லது நேர்மாறாகவும் நடக்கலாம். அதனால் பலகையைச் சூடாக்கியும் குளிர்வித்தும் அளக்கிறார்கள்.

அடுத்து எக்ஸ்-கதிர். சில்லின் அடியில் மறைந்திருக்கும் சோல்டர் உருண்டைகளையும் அவற்றுக்குள் இருக்கும் வெற்றிடங்களையும் அது காட்டிவிடும். ஆனால் இரண்டு அடுக்குகள் மயிரிழை அளவு பிரிந்திருந்தால் எக்ஸ்-கதிருக்குத் தெரியாது. அங்கே ஒலி நுண்ணோக்கி உதவுகிறது. பொருளை நீரில் வைத்து மீயொலியைச் செலுத்தினால், காற்று இடைவெளி எவ்வளவு மெல்லியதாயினும் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும். ஈரத்தை உறிஞ்சிய சில்லுறை அடுப்புச் சூட்டில் உள்ளுக்குள் பிளந்துகொள்ளும் பழுதுக்கு இதுவே நேரடிச் சான்று.

சிதைக்கும் சோதனைகளில் எளியதும் அழகியதும் சாயச் சோதனை. சில்லைச் சுற்றிச் சிவப்புச் சாயத்தை ஊற்றி, வெற்றிடத்தில் வைத்து இடுக்குகளுக்குள் புகவிட்டு, உலர்த்தியபின் சில்லைப் பெயர்த்தெடுக்கிறார்கள். சிவந்திருக்கும் இணைப்புகள் பெயர்ப்பதற்கு முன்பே உடைந்திருந்தவை. குறுக்குவெட்டு இன்னும் நுட்பமானது. பலகைத் துண்டை எபாக்ஸி பிசினில் பதித்து, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே போய், சந்தேகத்துக்குரிய இணைப்பின் நடுவில் நிறுத்தி மெருகேற்ற வேண்டும். சற்றுக் கூடுதலாகத் தேய்த்தால் சாட்சியே தூளாகிவிடும். சோல்டரிலுள்ள வெள்ளீயம் மிருதுவானது, மெருகேற்றும்போது இழுபட்டு விரிசலை மூடிவிடவும் கூடும். வெட்டைப் பார்க்கும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் விலையைவிட, தேய்ப்பவரின் கைப்பழக்கமே முடிவைத் தீர்மானிக்கிறது என்று சொல்லலாம். அந்த நுண்ணோக்கியோடு இணைந்த எக்ஸ்-கதிர் நிறமாலை, குறிப்பிட்ட புள்ளியில் எந்தெந்தத் தனிமங்கள் உள்ளன என்பதைத் தெரிவிக்கிறது.

இணைப்புகளும் ஈயமும்

பலகை மட்டத்துப் பழுதுகளில் பெரும்பங்கு இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில் நேர்கிறது. சிலிக்கான் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்துலட்சத்தில் ஏறத்தாழ 3 பங்கு விரியும். கண்ணாடியிழைப் பலகை 14 முதல் 17 பங்கு வரை விரியும். கருவியை இயக்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாட்டை இடையிலுள்ள சோல்டர் தாங்குகிறது. ஆண்டுகள் செல்ல அது களைத்து விரிசல் விடுகிறது. இதை முன்கூட்டியே அறிய, பலகைகளை உறைகுளிருக்கும் கடும் வெப்பத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கைபேசிகளுக்கு விழும் சோதனையும் உண்டு: புவியீர்ப்பு முடுக்கத்தின் 1500 மடங்கு அதிர்ச்சி, அரை மில்லி விநாடிக்கு.

இத்துறைக்கு ஒரே நாளில் வேலையைப் பெருக்கியது 2006 ஜூலை 1. அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி, பெரும்பாலான நுகர்வுக் கருவிகளில் ஈயத்தைத் தடைசெய்தது. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் சேர்ந்த பழைய சோல்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். பரவலாக அதனிடத்தைப் பிடித்த கலவை 96.5% வெள்ளீயம், 3% வெள்ளி, 0.5% செம்பு கொண்டது. 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும். அடுப்பின் சூடு உயர்ந்தது. பலகையும் சில்லுறையும் வளைந்தன. வளைந்த உறையின் உருண்டை பசையோடு கலக்காமல், தலையணைமேல் தலை வைத்தாற்போல் வெறுமனே அமர்ந்திருக்கும் புதிய பழுது பெருகியது. ராணுவம், விண்வெளித் துறைகளுக்கு விலக்கு இருந்தும் சந்தையில் ஈயமில்லாத சில்லுகளே கிடைத்ததால், இரு கலவைகளும் ஒரே இணைப்பில் கலந்த பலகைகளை ஆராய வேண்டியதாயிற்று.

ஈயம் போனதும் பழைய எதிரி ஒன்று திரும்பியது. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து தானாக வளரும் நுண்ணிழைகளை பெல் ஆய்வகத்தார் 1951இல் வெளியிட்டனர். சில மைக்ரான் தடிமனே கொண்ட அவை, பூச்சிலுள்ள அழுத்தத்தால் அடியிலிருந்து தள்ளப்பட்டு மில்லிமீட்டர் கணக்கில் நீண்டு, பக்கத்து முனையைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும். சிறிது ஈயம் சேர்த்தால் வளர்ச்சி பெரிதும் அடங்கும் என்று கண்டதால் பல ஆண்டுகள் அச்சம் தணிந்திருந்தது. 1998 மே 19இல் கேலக்சி 4 செயற்கைக்கோள் கட்டுப்பாட்டை இழந்து, அமெரிக்கப் பேஜர்களில் பெரும்பகுதி ஊமையானதற்கு இத்தகைய இழையே காரணம் என்று கருதப்படுகிறது. டொயோட்டா கார்கள் கட்டுமீறிப் பாய்வதாக எழுந்த புகார்களைப் பற்றி நாசா 2011இல் தந்த அறிக்கையும் முடுக்கி மிதியின் உணரி ஒன்றில் வெள்ளீய இழையைக் காட்டியது. ஆனால் கார்கள் கட்டுமீறிப் பாய்ந்ததற்கு அதுவே காரணம் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஒரு கோளாறு கண்ணில் பட்டதாலேயே அது காரணமாகிவிடாது என்ற ஒழுக்கத்துக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

அவசர முடிவுகள்

அந்த ஒழுக்கம் தவறியதன் விலையைக் காட்டுவது சாம்சங்கின் கேலக்சி நோட் 7. தீப்பிடித்த கைபேசிகளில் ஒரே நிறுவனத்தின் மின்கலம் இருந்ததால், 2016 செப்டம்பரில் சுமார் 25 லட்சம் கைபேசிகளைத் திரும்பப் பெற்று, இன்னொரு நிறுவனத்தின் மின்கலத்தோடு மாற்றித் தந்தனர். அவையும் எரிந்தன. அக்டோபரில் உற்பத்தியே நின்றது. பிறகு சாம்சங் 2 லட்சம் கைபேசிகளையும் 30 ஆயிரம் மின்கலங்களையும் சோதித்தது, யு.எல்., எக்ஸ்போனன்ட், டி.யூ.வி. ரைன்லாந்து ஆகிய வெளி அமைப்புகளும் ஆராய்ந்தன. 2017 ஜனவரியில் வெளியான முடிவு: முதல் வகையில் மேல் மூலையில் எதிர்மின்வாய் வளைந்திருந்தது, இரண்டாம் வகையில் நேர்மின்வாய்ப் பற்றவைப்பின் பிசிறுகள் மின்வாய்களுக்கு இடையிலுள்ள தடுப்பைக் குத்தியிருந்தன. ஒரே அறிகுறி, தொடர்பில்லாத இரண்டு காரணங்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியின் கதை வேறு விதம். சிவப்பு விளக்கு வளையத்தோடு செயலிழந்த கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் 2007இல் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. சில்லுக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள சோல்டர் உருண்டைகள் விரிசல் விட்டதாகப் பயனர்கள் நம்பி, கருவியைத் துண்டில் சுற்றிச் சூடேற்றினர். சிலவற்றுக்குத் தற்காலிகமாக உயிரும் வந்தது. 2021இல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஆவணப்படத்தில் பொறியாளர்கள் சொன்னது வேறு: இயக்கி நிறுத்துவதால் வரும் வெப்ப மாற்றத்தில் உடைந்தவை உதிரியின் உறைக்கு உள்ளேயே இருந்த இணைப்புகள்.

இப்படிப் பொதுவெளிக்கு வரும் அறிக்கைகள் சொற்பம். ஆய்வகமும் வாடிக்கையாளரும் ரகசிய ஒப்பந்தம் செய்துகொள்வதால், பொருள் திரும்பப் பெறப்பட்டாலோ வழக்கு நடந்தாலோ தவிர அறிக்கை வெளியே வருவதில்லை. ஒரு நிறுவனம் விலைகொடுத்துக் கற்ற அதே பழுதை இன்னொன்று முதலிலிருந்து கற்கிறது. கூட்டமைப்புகளின் ஆராய்ச்சிகூட, குறிப்பிட்ட காலத்துக்கு உறுப்பினர்களிடம் மட்டுமே இருந்துவிட்டுப் பிறகுதான் மாநாட்டுக் கட்டுரையாக வெளிவருவது வழக்கம்.