கரைக்குப் பட்டா கிடையாது

இராணுவம் நிலம் எடுத்தால் அரசு ஏக்கரை எண்ணுகிறது. பத்திரம் யார் பெயரில் என்று கேட்கிறது. பொதுவில் கிடக்கும் கரைக்குப் பத்திரம் இல்லை. அங்கே பெண்கள் செய்யும் வேலையும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஈழத்தின் இரண்டு கரைகள் இதைக் காட்டுகின்றன.

முதலாவது, யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கு. 1990இல் அங்கிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போர் முடிந்தபின் காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவமே 'தல்செவன' என்ற விடுதியை நடத்தியது. ஊர்க்காரர்கள் முகாம்களில் இருக்க, அவர்களுடைய கடலைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் அறை எடுத்தார்கள். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரை நிரந்தரமாகக் கையகப்படுத்த அறிவித்தல் ஒட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கையில் காட்ட நிலத்தின் பத்திரமாவது இருந்தது.

இரண்டாவது, கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு. இங்கே ஆண்கள் படகேறிப் போவார்கள். பெண்கள் வற்றுக்கடலில் நடந்தே நண்டும் கடலட்டையும் பிடிப்பார்கள். படகும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். கணவனைப் போரில் இழந்தவளுக்கும் அந்தக் கடல் சோறு போடும். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள் எதிர்க்கரையில் இரணைமாதாநகரில் குடியேறினார்கள். போர் முடிந்தும் கடற்படை தீவில் குடியிருக்க விடவில்லை. நடந்துபோய்ச் சம்பாதித்த பெண்ணுக்கும் கடலுக்கும் நடுவே இப்போது ஒரு படகுக் கூலி வந்து நின்றது.

2017 மே 1 அன்று தொடர் போராட்டம் தொடங்கியது. பெண்கள் அதில் முன்னால் இருந்தார்கள். ஏறக்குறைய ஓராண்டு பந்தலில் உட்கார்ந்தும் பதில் வராததால், 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தாங்களே தீவில் இறங்கினார்கள். முதலில் தேவாலயத்தில் கும்பிட்டார்கள். பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அரசு இணங்கியது.

அதோடு முடியவில்லை. 2021 மார்ச்சில், கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்க அரசு தேர்ந்தெடுத்த இடம் இரணைதீவு. ஆள் இல்லாத இடம் என்பதுபோல் எடுத்த முடிவை எதிர்த்து ஊரார் மறுபடி தெருவுக்கு வந்தார்கள்.

வலிகாமத்தில் பத்திரம் பேசியது. இரணைதீவில் பேச, பெண்களின் கால்தடம்தான் இருந்தது. அவர்கள் கேட்டதும் அதைத்தான்: தம் கரையில் யாரிடமும் அனுமதி கேட்காமல் இறங்கி நடக்கும் உரிமை. பெண்களின் நில வரலாற்றை எழுதப் பதிவு அலுவலகம் மட்டும் போதாது, வற்றுக்கடலுக்கும் போகவேண்டும்.